ஓமேர் எண்ணிக்கை: கைபேசியை எப்படித் தயார்செய்வது, எந்த இரவுகளில் அதை நம்பக்கூடாது

பெசாக் (பஸ்கா) பண்டிகையின் இரண்டாம் இரவிலிருந்து ஏழு வாரம் யூதர்கள் நாட்களை எண்ணுவதே ஓமேர் எண்ணிக்கை. அதற்காக ஒவ்வோர் இரவும் சொல்ல வேண்டியது ஒரு துதிமொழியும் ஒரு வாக்கியமும்தான். அரை நிமிட வேலை. அதை 49 இரவு விடாமல் செய்வதில்தான் சிக்கல். பெசாக் பண்டிகை முடிந்து வீடு பழைய ஓட்டத்துக்குத் திரும்பியபின், ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை அலுப்பில் தூங்கிவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். செயலியும் நாட்காட்டியும் வாட்ஸ்அப் குழுவும் இதற்காகவே வந்தவை. ஆனால் இவை காலை வாருவது பெரும்பாலும் மூன்றே இடங்களில்: நாள் மாறும் நேரம், இருட்டும் நேரம், சப்பாத் என்னும் ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளி இரவு. இந்த மூன்றையும் முதலிலேயே சரிசெய்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

முதலில் விதிகள்

லேவியராகமம் 23:15-16 சொல்வது இது: முதல் கதிர்க்கட்டைக் காணிக்கையாகக் கொண்டுவரும் நாளிலிருந்து ஏழு முழு வாரங்கள் எண்ண வேண்டும். காணிக்கை வாற்கோதுமை, 'ஓமேர்' அதன் அளவு. கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் அழிந்தபின் காணிக்கை நின்றது, எண்ணிக்கை நிற்கவில்லை. யூத நாட்காட்டியில் நிசான் மாதம் 16-ஆம் தேதி தொடங்கி, இய்யார் மாதம் முழுவதும், சிவான் மாதம் 5 வரை எண்ணுவார்கள். மறுநாள் ஷாவுவோத் பண்டிகை. தமிழ்க் கிறிஸ்தவர்கள் பெந்தெகொஸ்தே என்று அறிந்த ஐம்பதாம் நாளும் இந்தக் கணக்கிலிருந்து வந்ததே.

யூத நாள் மாலையில் தொடங்கும். ஆகவே எண்ணுவது இரவில், நட்சத்திரம் தெரிந்தபின், நின்றுகொண்டு. இரவு முழுவதும் நேரம் உண்டு; ஆனால் தொடக்கத்திலேயே சொல்வது மேல். முதலில் பெராகா, அதாவது துதிமொழி, பிறகு எண். எண் என்னவென்று தெரிந்துகொண்டுதான் பெராகாவைத் தொடங்க வேண்டும்.

மறந்துவிட்டால் என்ன செய்வது? ஷுல்ஹான் அருக் என்னும் யூதச் சட்டத் தொகுப்பின் ஓராஹ் ஹயிம் பகுதியில் 489-ஆம் அத்தியாயம் இதற்கான அடிப்படை. இரவில் மறந்தவர், மறுநாள் சூரியன் மறைவதற்குள் பெராகா இல்லாமல் எண்ணிவிட்டால் போதும். அன்றிரவு முதல் வழக்கம்போல் பெராகாவுடன் தொடரலாம். இரவும் பகலும் முழுதாக விட்டுப்போனால், மிச்ச இரவுகளில் எண்ணிக்கை தொடரும், பெராகா கிடையாது. வேறொருவர் பெராகா சொல்லும்போது கவனமாகக் கேட்டு 'ஆமென்' சொல்லிவிட்டு எண்ணுவது அப்படிப்பட்டவர்களுக்கு வழக்கம். எண்ணினோமா இல்லையா என்று வெறும் சந்தேகம்தான் என்றால், பெராகாவுடனே தொடரலாம். இந்தக் கடைசி விதியால்தான், எண்ணி முடித்ததைக் குறித்துவைக்கும் வசதி செயலியில் இருப்பது பெரிய உதவி.

இன்னொன்று புதியவர்களுக்கு மிகவும் தேவையானது. எண்ணை எந்த மொழியிலும் சொல்லலாம். சொல்பவருக்குப் பொருள் புரிய வேண்டும் என்பதே நிபந்தனை. பொருள் தெரியாமல் எபிரேய ஒலியை மட்டும் ஒப்பித்தால் எண்ணியதாகாது. எபிரேயம் இன்னும் வசப்படாதவர் "இன்று ஓமேரின் எட்டாம் நாள், அதாவது ஒரு வாரமும் ஒரு நாளும்" என்று தமிழில் சொல்லித் தொடங்கலாம்.

படி 1: ஊர், நுஸாஹ், 'இஸ்ரேலா வெளிநாடா'

எந்தச் செயலியை நிறுவினாலும் முதலில் இந்த மூன்றையும் பாருங்கள். சபாட் என்னும் யூத அமைப்பின் ஓமேர் செயலி, ஹெப்கால் தளத்தின் இலவச நாட்காட்டி, மைஸ்மானிம் தளத்தின் நேரக் கணக்கு ஆகியவை பரவலாகப் பயன்படுபவை. மூல நூல்களைச் சரிபார்க்க செஃபாரியா இணையதளம் போதும். லேவியராகமமும் ஷுல்ஹான் அருக்கும் அதிலேயே இருக்கின்றன.

ஊரைக் கையால் தேர்ந்தெடுங்கள். ஜிபிஎஸ்ஸை நம்பினால், இருப்பிட அனுமதி அணைந்த நாளில் சில செயலிகள் சத்தமில்லாமல் வேறோர் ஊரின் நேரத்துக்குப் போய்விடும். எருசலேம் நேரத்துக்கு லண்டன் வீட்டில் எண்ணுவது இப்படித்தான் நடக்கிறது.

நுஸாஹ் என்பது வழிபாட்டு வாசக மரபு. அஷ்கெனாஸி (ஐரோப்பிய யூதர்), செஃபார்டி (ஸ்பானிய வழி யூதர்), எதோத் ஹமிஸ்ராஹ் (கிழக்கத்திய யூதர்) என்று செயலியில் தேர்வு இருக்கும். வேறுபாடு சிறியதுதான். எட்டாம் இரவை எடுத்துக்கொள்வோம். அஷ்கெனாஸி முறையில் 'ஹயோம் ஷ்மோனா யாமிம், ஷெஹேம் ஷாவுவா எஹாத் வெயோம் எஹாத் பாஓமேர்'. சிலர் கடைசியில் 'லாஓமேர்' என்பார்கள். எதோத் ஹமிஸ்ராஹ் முறையில் 'லாஓமேர்' நடுவிலேயே, 'யாமிம்' முடிந்தவுடன் வந்துவிடும். எதைச் சொன்னாலும் எண்ணிக்கை செல்லும். நீங்கள் போகும் ஜெபாலயத்தின் வழக்கத்தையே செயலியிலும் வைத்துக்கொண்டால் நாக்கு குழம்பாது.

'இஸ்ரேல்' அல்லது 'வெளிநாடு' என்ற பொத்தான் எண்ணை மாற்றாது; பண்டிகை இரவுகளை மாற்றும். அது ஏன் முக்கியம் என்பது படி 4-இல் வருகிறது.

படி 2: இரவு எப்போது என்பதைக் கருவிக்குச் சொல்லிக்கொடுங்கள்

புதியவர்கள் செய்யும் முதல் காரியம், கைபேசியில் இரவு 8 மணிக்கு அலாரம் வைப்பது. கொச்சியில் இது சரியாகவே வேலை செய்யும்: 2027-இன் எண்ணிக்கைக் காலத்தை எடுத்துக்கொண்டால், ஏப்ரல் 22 அன்று சூரியன் மறைவது மாலை 6:35 வாக்கில், ஜூன் 9 அன்று 6:45 வாக்கில். பத்து நிமிட வித்தியாசம். லண்டனில் அதே நாட்களில் மறைவு இரவு 8:10 வாக்கிலிருந்து 9:15-க்கு நகர்ந்துவிடும். அங்கே 8 மணி அலாரம் முதல் நாளே பகலில் அடிக்கும். 9 மணிக்கு வைத்தாலும் ஜூனில் அதே கதைதான்.

எனவே நிலையான அலாரம் வேண்டாம். 'நட்சத்திரம் தெரியும் நேரம்', எபிரேயத்தில் 'ட்ஸேத் ஹகோஹாவிம்', அதோடு பிணைந்த நினைவூட்டலைத் தேர்ந்தெடுங்கள். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 8.5 பாகை இறங்கும் கணம் என்று பல நாட்காட்டிகள் இதைக் கணக்கிடுகின்றன. கொச்சியில் அது மறைவுக்குப் பின் சுமார் 35 நிமிடம். லண்டனின் ஜூனில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். பாகையில் மரபுக்கு மரபு வேறுபாடு உண்டு, உங்கள் ரபி (யூத மதகுரு) சொல்லும் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

நினைவூட்டல் ஒன்று போதாது, மூன்று வையுங்கள். முதலாவது இருட்டியவுடன். இரண்டாவது நீங்கள் படுக்கப்போவதற்கு அரைமணி முன்பு. மூன்றாவது மறுநாள் பிற்பகல் 3 மணிக்கு: "நேற்று இரவு எண்ணினாயா?" இந்த மூன்றாவதைத்தான் யாரும் வைப்பதில்லை. ஆனால் விட்டுப்போனதைப் பகலில் பிடிக்க உதவுவது இது ஒன்றுதான்.

படி 3: நாட்காட்டியில் தேதி ஒன்று தள்ளி நிற்கும்

ஹெப்காலில் 'ஓமேர் நாட்கள்' என்ற தேர்வை இயக்கி, வரும் இணைப்பைக் கூகுள் நாட்காட்டியிலோ ஐபோன் நாட்காட்டியிலோ சேர்க்கலாம். ஒரு தடவை சேர்த்தால் அடுத்த ஆண்டும் தானாக வரும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: 'ஓமேர் 12-ஆம் நாள்' என்று மே 4, செவ்வாய்க்கு எதிரே எழுதியிருந்தால், அதை எண்ண வேண்டியது மே 3, திங்கள் இரவு. நாட்காட்டி பகலைக் காட்டுகிறது, எண்ணுவது அதற்கு முந்தைய இரவில். செவ்வாய் இரவு நாட்காட்டியைத் திறந்து "12" என்று சொல்பவர் உண்மையில் 13-ஐத் தவறவிடுகிறார்.

கூகுள் நாட்காட்டியில் இப்படிச் சேர்த்த நாட்காட்டிக்கு நினைவூட்டல் தானாக வராது. செட்டிங்ஸில் அந்த நாட்காட்டியைத் திறந்து, 'முழுநாள் நிகழ்வு' அறிவிப்பை ஒரு நாள் முன்பு, இரவு நேரத்துக்கு வையுங்கள். அப்போதுதான் சரியான இரவில் சரியான எண் திரைக்கு வரும்.

எண் சரிதானா என்று பார்க்க எந்தச் செயலியும் வேண்டாம். எபிரேயத் தேதி தெரிந்தால் மனக்கணக்கே போதும்: நிசானில் தேதியிலிருந்து 15-ஐக் கழியுங்கள், இய்யாரில் 15-ஐக் கூட்டுங்கள், சிவானில் 44-ஐக் கூட்டுங்கள். இய்யார் 18 என்றால் 33. அந்த 33-ஆம் நாளே லாக் பாஓமேர் என்னும் கொண்டாட்ட நாள். வாரக் கணக்குக்கு எண்ணை ஏழால் வகுக்க வேண்டும். ஈவு வாரம், மீதி நாள். 23 என்றால் மூன்று வாரம் இரண்டு நாள்.

படி 4: கைபேசி இல்லாத இரவுகள்

கருவிகளை நம்பித் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இங்கேதான். சப்பாத்திலும் பண்டிகை நாட்களிலும் மின்கருவியைக் கையாள்வதில்லை. எண்ணிக்கையில் ஏழு வெள்ளி இரவுகள் உண்டு. அதோடு, இஸ்ரேலுக்கு வெளியே பெசாக்கின் முதல் இரண்டு நாளும் பண்டிகை, கடைசி இரண்டு நாளும் பண்டிகை. விளைவு: எண்ணிக்கையின் முதல் இரவே கைபேசி அணைந்திருக்கும் இரவு.

2027-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எண் ஏப்ரல் 22, வியாழன் இரவு. வெளிநாட்டில் அது இரண்டாம் சேதர் விருந்து இரவு, கைபேசி கிடையாது. மறுநாள் வெள்ளி இரவு, எண் 2, சப்பாத். பிறகு பெசாக்கின் கடைசி நாட்களுக்கு முந்தைய ஏப்ரல் 27, 28 இரவுகள், எண் 6, 7. அதற்குப் பிறகு வெள்ளிதோறும் 9, 16, 23, 30, 37, 44. மொத்தம் பத்து இரவுகள். இஸ்ரேலில் முதல் எண்ணும் ஏழாம் எண்ணும் சாதாரண இரவுகளில் விழுவதால் எட்டுதான். முதல் எண்ணுக்கே கைபேசியை எதிர்பார்த்து உட்கார்ந்தவர் தொடக்கத்திலேயே விட்டுவிடுவார்.

இதற்கு மருந்து காகிதம். பெசாக்குக்கு ஒரு வாரம் முன்பே 49 வரிசை கொண்ட அட்டவணை ஒன்றைத் தயாரியுங்கள். கணினியில் எக்ஸெல் போன்ற விரிதாளில் நான்கு பத்திகள் போதும்: எண்ணும் இரவின் தேதி-கிழமை, எண், 'இத்தனை வாரம் இத்தனை நாள்', முழு எபிரேய வாக்கியம் தமிழ் எழுத்தில். பத்து இரவுகளின் வரிசைகளுக்கு மட்டும் வண்ணம் பூசி அச்சிடுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். வெள்ளி இரவு மங்கிய வெளிச்சத்தில் 12 புள்ளி எழுத்து தெரியாது, 20-க்குக் குறையாமல் வையுங்கள்.

அட்டவணையில் பெராகாவின் முழு வாசகத்தை அச்சிடாதீர்கள். கடவுளின் பெயர் அச்சான காகிதத்தைக் குப்பையில் போடக்கூடாது, ஜெபாலயத்தில் பழைய புனிதத் தாள்களைச் சேர்த்துவைக்கும் கெனிஸாவில் சேர்க்க வேண்டியிருக்கும். பெராகாவுக்குச் சிதூர் என்னும் ஜெபப் புத்தகத்தைப் பயன்படுத்துங்கள்.

எங்கே ஒட்டுவது என்பதும் முக்கியம். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியது வெள்ளி இரவு யார் கண்ணிலும் படாது. சாப்பாட்டு மேசையில், சப்பாத் ஆசி சொல்லும் கிட்டூஷ் கோப்பைக்கு அடியில் ஒரு நகல். சிதூருக்குள் ஒரு நகல். எந்த வரிசையில் இருக்கிறோம் என்பதைக் காட்ட ஒரு துணிக் கிளிப்பை மாட்டி நகர்த்துங்கள். சப்பாத்தில் பேனாவால் டிக் அடிக்க முடியாது, தாளைக் கிழிப்பதும் கூடாது. அதனால் தினமொரு தாள் கிழிக்கும் நாட்காட்டி இதற்கு உதவாது. ஒரு கைப்பிடியைச் சுழற்றினால் தோல்சுருள் நகர்ந்து அடுத்த எண்ணைக் காட்டும் மரப்பெட்டிகளைப் பழைய யூத வீடுகளில் வைத்திருந்தார்கள். இந்த வேலைக்கு அதைவிடச் சரியான கருவி இன்னும் வரவில்லை என்றே சொல்லலாம்.

வெள்ளிக்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு கைபேசியில் ஒரு நினைவூட்டல் வையுங்கள்: "கிளிப்பை நகர்த்து, இன்றிரவு 23." அதோடு இரவு அறிவிப்புகளை வெள்ளிக்கு அணைத்துவையுங்கள், மூடிய அறையில் கைபேசி கத்திக்கொண்டிருப்பது வீட்டில் எல்லாருக்கும் தொல்லை. கோடையில் சப்பாத்தைச் சீக்கிரமே தொடங்கும் ஊர்களில் இன்னொரு வலை இருக்கிறது: ஜெபம் வெளிச்சத்திலேயே முடிந்து, சாப்பிட்டு, இருட்டும்போது எல்லாரும் தூக்கத்தில் இருப்பார்கள். அந்த இரவுகளுக்கு மேசைமேல் இருக்கும் தாள்தான் ஒரே துணை.

படி 5: குறித்துவைப்பது

செயலியில் 'எண்ணிவிட்டேன்' பொத்தானை எண்ணிய பிறகு தட்டுங்கள். முன்பே தட்டிவிட்டுப் பிறகு சொல்லலாம் என்று வைத்தவர்கள் இரண்டு நாள் கழித்துச் சொன்னோமா என்று தலையைச் சொறிவார்கள். தட்டுவது எண்ணுவதாகாது, வாயால் சொல்வதுதான் எண்ணிக்கை. திரையில் எண்ணைப் பார்ப்பதும் எண்ணுவதாகாது. செயலி ஒலிக்கும் பெராகாப் பதிவும் உச்சரிப்புப் பழகத்தான், பதிவுக் குரலுக்கு 'ஆமென்' சொல்வதில்லை.

சனிக்கிழமை இரவு திறந்தால் வெள்ளி இரவு 'தவறியது' என்று சிவப்பில் காட்டும். பதற வேண்டாம். பின்னோக்கிக் குறிக்கும் வசதி இருக்கும் செயலியையே முதலிலேயே தேர்ந்தெடுங்கள். குறித்துவிட்டு, சனி இரவின் எண்ணைச் சொல்லுங்கள். 'தொடர்ச்சி' எண்ணிக்கை அறுந்ததாகச் செயலி காட்டுவதை ஹலாஹா, அதாவது யூதச் சட்ட விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெராகா சொல்லலாமா என்பதை முடிவுசெய்வது நீங்கள் உண்மையில் எண்ணினீர்களா என்பது மட்டுமே.

படி 6: எண்ணுவதற்கு முன் எண்ணைச் சொல்லிவிடாதீர்கள்

இது பழைய விதி, ஆனால் வாட்ஸ்அப் காலத்தில்தான் அதிகம் உதைக்கிறது. இருட்டியபின், நீங்கள் இன்னும் எண்ணாதபோது, "இன்று எத்தனை?" என்று யாராவது கேட்டால், "இன்று 12" என்று சொன்னாலே எண்ணியதாகிவிடலாம், பிறகு பெராகா சொல்ல இடமில்லாமல் போகும். "நேற்று 11" என்று பதில் சொல்வதே மரபு. எழுதுவதும் எண்ணுவதாகுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே குழுவில் தட்டச்சு செய்யும்போதும் 'நேற்று' என்றே எழுதுங்கள். குரல் உதவியாளரிடம் எண்ணைக் கேட்கலாம். அது சொன்னதைத் திருப்பி வாய்விட்டுச் சொல்லிப்பார்க்காதீர்கள். லாக் பாஓமேர் இரவில் "இன்று லாக் பாஓமேர்" என்ற வாழ்த்தை எண்ணிய பிறகே அனுப்புங்கள்.

குழுக்களில் இன்னொரு கோளாறு நேர மண்டலம். நியூயார்க்கில் இருந்து "இன்றிரவு 15" என்று வரும் செய்தி இந்தியாவில் விடிகாலையில் வந்துசேரும். அதை அன்றைய இரவுக்கு எடுத்துக்கொண்டால் ஒன்று குறைந்துவிடும். உங்கள் ஊர்க் குழுவில் மட்டும் இருங்கள். தேதிக்கோட்டைத் தாண்டிப் பறப்பவர்களுக்கு, உள்ளூர் எண்ணைச் சொல்வதா தம் சொந்தக் கணக்கைத் தொடர்வதா என்பதில் ரபிகளிடையே வேறுபாடு இருக்கிறது. செயலி கைபேசியின் மண்டலத்தைப் பார்த்து எண்ணைத் தானாக மாற்றிவிடும். பயணச்சீட்டு எடுக்கும்போதே ரபியிடம் கேட்டுவிடுங்கள்.

நினைவூட்டல் வரவில்லையா?

ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் காரணம் பேட்டரி சேமிப்பு. சில நாள் திறக்காத செயலியைக் கைபேசியே உறங்கவைத்துவிடும். செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கு 'கட்டுப்பாடற்ற' பேட்டரி பயன்பாட்டைக் கொடுங்கள். நோட்டிஃபிகேஷன் அனுமதியும் அலாரம் அனுமதியும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். ஐபோனில் 'ஃபோகஸ்' முறையும் அறிவிப்புச் சுருக்கமும் குற்றவாளிகள். ஓமேர் செயலியை இரண்டிலிருந்தும் விலக்குங்கள். பெசாக்குக்கு முன்பே ஒரு சோதனை அறிவிப்பு அனுப்பிப் பார்ப்பது நல்லது. இத்தனைக்குப் பிறகும், வீட்டில் ஒருவரோ நண்பர் ஒருவரோ தினமும் "எண்ணிவிட்டாயா?" என்று கேட்பது எந்த அறிவிப்பையும்விட உறுதியானது.

எண்ணைத் தவறாகச் சொல்லிவிட்டால், உடனே திருத்திச் சொல்லுங்கள். பெராகாவைத் திரும்பச் சொல்ல வேண்டாம். எபிரேயத்தில் சொல்பவர்கள் 11-இல் தடுமாறுவது வழக்கம்: 'நாள்' என்ற சொல் இரண்டு முதல் பத்து வரை 'யாமிம்', பதினொன்று முதல் 'யோம்'.

2027-இல் 49-ஆம் எண் ஜூன் 9, புதன் இரவு. மறுநாள் வியாழன் இரவு ஷாவுவோத். எண்ண எதுவும் இல்லை, ஏழு வாரமும் முழுமையாக இருக்க வேண்டும் என்பதால் இருட்டும் முன் பண்டிகையைத் தொடங்காமல் காத்திருப்பது பலரின் வழக்கம். நாட்காட்டி இணைப்பை அப்படியே விட்டுவையுங்கள், அடுத்த ஆண்டு எண்கள் தானாக வரும். காகித அட்டவணையை மட்டும் புதிதாகப் போட வேண்டும்: 2028-இல் முதல் எண் ஏப்ரல் 11, செவ்வாய் இரவு, அதனால் வெள்ளி இரவுகளில் விழும் எண்கள் 4, 11, 18, 25, 32, 39, 46 என்று மாறிவிடும்.